வேண்டாம் என்று சொல்ல ஓர் அட்டை

கிட்டுசாமிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். தபால் பெட்டியைத் திறந்தால் கவரின் மூலையில் இருக்கிற படத்தை வைத்தே பிரித்துவிடுவார். பல் படம் என்றால் பல் டாக்டர். வீட்டுப் படம் என்றால் வீட்டை விற்கிறாயா என்று கேட்கிறவன். மின்னல் படமோ பல்பு படமோ இருந்தால் அவன் கரெண்ட் விற்கிறவன். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக மாட்டார். வாசலில் நின்றபடி நாலாகக் கிழித்து நீலக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் டை கட்டிய ஓர் ஆள் கதவைத் தட்டினான். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், முகம் நிறையச் சிரிப்பு. "பில், பில்" என்றான். மகன் சபரியும் மருமகள் கயலும் ஆபீஸ் போயிருந்தார்கள். வந்தவனை நிற்க வைத்துப் பேசுவது மரியாதை இல்லையே என்று உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, மேஜையில் கிடந்த கரெண்ட் பில்லையும் எடுத்துக் காட்டினார். அவன் அதிலிருந்த நம்பரைப் படம் பிடித்துக்கொண்டு போனான். இந்த ஊரில் கரெண்ட் விற்கப் பல கம்பெனிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அந்த நம்பர் போதும். அடுத்த மாதம் இந்த வீட்டுக் கரெண்ட் யாரோ ஒரு கம்பெனிக்கு மாறியிருந்தது. பில் இரண்டு மடங்கு வந்தது. அதிலிருந்து விடுபட சபரி நாலு மாதம் போனில் மன்றாடினான்.

"பரவால்லப்பா, இங்க எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றான் சபரி. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அந்தப் பரவாயில்லைதான் அவரைச் சுட்டது. அன்றைக்கே தபால் பெட்டிச் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவேக்குப் பக்கத்து டவுன்ஷிப்பில் இருந்தது வீடு. வீட்டுக்குள் எங்கே போனாலும் ஒரு பச்சைக் குழாய் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஒரு முனை ஹால் மூலையில் இருக்கும் ஆக்சிஜன் மெஷினில், மறுமுனை அவர் சம்சாரம் புஷ்பவல்லியின் மூக்கில். பல்லடத்தில் நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நுரையீரல். இங்கே வந்த மூன்றாம் வருஷம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி மெஷின் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். மெஷினுக்குக் கரெண்ட் வேண்டும். அலமாரியில் ஒரு சிலிண்டர் இருக்கிறது. அது சில மணி நேரம்தான் தாங்கும்.

காலையில் எழுந்ததும் கிட்டுசாமியின் முதல் வேலை, குழாய் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது. குமிழி வந்தால் காற்று வருகிறது. குமிழியைப் பார்த்த பிறகுதான் முனையைத் துடைத்து அவள் மூக்கில் மாட்டிவிடுவார். அந்த அரை நிமிஷமும் புஷ்பவல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மே மாதத்தில் அந்தக் கவர் வந்தது.

அதில் சூரியன் படமும் காற்றாடிப் படமும் இருந்தன. கை கிழிக்கப் போனது. ஆனால் மூலையில் இருந்தது ஊரை நிர்வகிக்கிற டவுன்ஷிப்பின் முத்திரை. குப்பைத் தொட்டியில் ஒட்டியிருக்கிற அதே முத்திரை. குப்பை அள்ளுகிறவர்கள் இதுவரை அவரை ஏமாற்றியதில்லை. கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடைக்குக் கிளம்பினார்.

பூங்காவில் ஸ்ரீநிவாசன் இருந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் கடைசி வரி வரை படிக்கிற மனுஷன். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இது ஃப்ராடு இல்ல கிட்டுசாமி சார். டவுன்ஷிப்பே எல்லா வீட்டுக்கும் சேர்த்து மொத்தமா கரெண்ட் வாங்கப் போறது. காத்துலேருந்தும் சூரியன்லேருந்தும் வர கரெண்ட் அதுல அதிகமா இருக்கும்."

"நாம எழுதிக் குடுக்கோணுங்களா?"

"ஒண்ணுமே வேண்டாம். சும்மா இருந்தா சேர்த்துடுவா. வேண்டாம்னு இருக்கறவாதான் இந்த அட்டையில கையெழுத்துப் போட்டு அனுப்பணும். ஜூன் முப்பது கடைசி."

கிட்டுசாமி அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கேக்காமயே சேத்துக்குவானுங்களா? பொண்ணு பாக்க வந்தவன், வேண்டாம்னு சொல்லலீன்னா தாலி கட்டீருவேன்னு சொல்ற மாதர இருக்குதுங்க!"

ஸ்ரீநிவாசன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது.

"சிரிக்காதீங்க. கையெழுத்து யாரு போடோணும்?"

"அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவா."

அக்கவுண்ட் சபரி பேரில் இருந்தது. சபரியிடம் கேட்டால் கயலுக்குத் தெரியும். தெரியக் கூடாதது அவளுக்குத்தான். டவுன்ஷிப்பின் சுற்றுச்சூழல் தொண்டர் குழுவான க்ரீன் டீமில் கயலும் ஓர் ஆள். ஆபீஸ் வேலை முடித்து, சமையலும் முடித்து, எட்டு மாதமாக இதற்காகத்தான் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்போது ஒருநாள் ஆசையாகச் சொல்லவும் செய்தாள், "மாமா, நம்ம டவுன் இனிமே காத்தாடி கரெண்ட் வாங்கப் போகுது." அவர் ரசம் ஊற்றச் சொன்னார்.

காற்றாடி கரெண்ட் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மின்வாரியத்தில் காண்டிராக்ட் கூலியாகக் கம்பத்துக்குக் குழி தோண்டியவர் அவர். பல்லடத்தைச் சுற்றிலும் காற்றாடிகள்தான். ஆடி மாதத்தில் பேய் பிடித்த மாதிரி சுற்றும். ஐப்பசி பிறந்தால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அது நின்றால் கரெண்ட் போகும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். ஏன் என்று கேட்டால் ஆபீஸில் இருக்கிறவன், "காத்தில்லப்பா" என்பான். மில் ஷிப்டை நிறுத்தும், மோட்டார் நிற்கும், அதெல்லாம் போகட்டும். இங்கே மெஷின் நின்றால்?

இந்தக் கேள்வியை வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாது. புஷ்பவல்லியின் காது பாம்புக் காது. அவள் காதில் விழுந்தால் அன்று முதல் காற்று வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவாள். அதனால் அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை மாற்றினால் அட்டையும் மாறியது.

"ஏனுங்க," என்றாள் ஒருநாள், இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கி. "என்னமோ பாக்கெட்டையே... தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க. எவளாச்சு... லெட்டர் குடுத்தாளா?"

"ஆமா. நடக்கப் போற எடத்துல ஒரு வெள்ளைக்காரி குடுத்தா."

"என்ன எழுதியிருக்கறா?"

"உனக்குக் கோளாறு, வாயை மூடிட்டு மூச்சு உடுன்னு எழுதியிருக்கறா."

அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். வந்தது. அவர் பச்சைக் குழாயை நாற்காலிக் காலிலிருந்து விடுவித்து, முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஜூன் இரண்டாம் வாரம் கயலே வந்து கூப்பிட்டாள்.

"மாமா, சாட்டர்டே கம்யூனிட்டி சென்டர்ல மீட்டிங். டவுன்ஷிப்ல இருந்து ஒருத்தங்க வந்து பேசறாங்க, நான் தமிழ்ல சொல்லணும். நீங்களும் வாங்களேன். எனக்குத் தெரிஞ்ச மொகம் ஒண்ணாவது முன்னாடி இருந்தா தைரியமா இருக்கும்."

"நானா?"

"நீங்கதான். அத்தைய அவர் பாத்துக்குவார்."

கிட்டுசாமி தலையாட்டினார். அந்த மீட்டிங்கில் எழுந்து வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார், அவளோ தைரியத்துக்கு அவரையே கூப்பிடுகிறாள். ஆனாலும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. மருமகள் மனசா, சம்சாரத்தின் மூச்சா என்றால் மூச்சுதான்.

சனிக்கிழமை முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் இருக்கிற வயசாளிகள். சமோசாவும் டீயும் முதலில் கொடுத்துவிட்டதால் கூட்டம் அமைதியாக இருந்தது. ஸ்ரீநிவாசன் இரண்டாவது சமோசாவோடு பக்கத்தில் உட்கார்ந்தார். டவுன்ஷிப்பிலிருந்து வந்த அம்மாள் நரைத்த முடியும் தேய்ந்த ஷூவுமாக இருந்தாள். அவள் நாலு வரி பேச, கயல் தமிழில் சொன்னாள். கயலின் குரல் முதலில் நடுங்கியது. கிட்டுசாமியைப் பார்த்தாள். சிரித்தாள். குரல் நேரானது.

கேள்வி நேரம் வந்ததும் கிட்டுசாமி எழுந்தார்.

"அம்மிணி, நான் கேக்கறதைக் கூட்டாம கொறைக்காம அந்தம்மாகிட்டச் சொல்லு. எங்கூர்ல காத்தாடி நின்னா கரெண்ட் நிக்கும். என்ற சம்சாரம் மெஷின்ல மூச்சு உடுறவ. இங்க காத்தாடி நின்னுச்சுன்னா அவளுக்கு மூச்சு யாரு குடுப்பாங்க? நீ குடுப்பியா, அந்தம்மா குடுப்பாளா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. காற்றாடி கரெண்ட் என்றதும் இவர் சாப்பாட்டு மேஜையில் ரசம் கேட்டது இதனால்தானா என்று கயல் முகத்தில் ஓடியது. பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னாள். கிட்டுசாமிக்குப் புரிந்தது 'மை மதர் இன் லா' மட்டும்தான். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. யாரோ ஒரு கிழவரின் சம்சாரம் என்று சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை.

அந்த அம்மாள் மைக்கை வைத்துவிட்டு அவர் அருகே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேள்வியும் பதிலும் கயல் வழியாக நடந்தன.

"கம்பி யாரோடது?"

"இப்ப இருக்கற கம்பெனியோடதுதான் மாமா. அதே கம்பி, அதே கம்பம், அதே மீட்டர். டவுன்ஷிப் கரெண்ட்டை விலைக்கு வாங்கறதோட சரி."

"மரம் உழுந்து கம்பி அந்து போச்சுன்னா?"

"அதே கம்பெனி லாரிதான் வரும்."

"காத்து நின்னா?"

"பல ஸ்டேட்ல இருந்து வர கரெண்ட் எல்லாம் ஒரே கம்பியில கலந்துதான் வருது. ஒரு எடத்துல காத்து நின்னா இன்னொரு எடத்துல இருந்து வரும். நம்ம வீட்டுக்குன்னு தனியா ஒரு காத்தாடி இல்ல மாமா."

கம்பமும் கம்பியும் அவருக்குத் தெரிந்த பாஷை. கொஞ்சம் இறங்கினார். அப்போது அந்த அம்மாள் திருப்பி ஒன்று கேட்டாள். கயல் பதில் சொல்லிவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"வீட்ல மெஷின் இருக்குன்னு கம்பிக் கம்பெனிக்குச் சொல்லியிருக்கீங்களான்னு கேக்கறாங்க. போன வருஷமே சொல்லியாச்சு, லிஸ்ட்ல இருக்கோம்னு சொல்லிட்டேன்."

அம்மாள் மறுபடி ஏதோ சொன்னாள். கயலின் நெற்றி சுருங்கியது. "வருஷா வருஷம் டாக்டர் கையெழுத்து வாங்கிப் புதுசா அனுப்பணுமாம். மார்ச்ல ஃபார்ம் வந்திருக்கணும்ங்கறாங்க. நமக்கு வரவே இல்லையே..."

கிட்டுசாமிக்கு அந்தக் கவர் ஞாபகம் வந்தது.

மார்ச் மாதம். வாசலில் பனி கரைந்து சேறாகக் கிடந்த நாள். தடித்த கவர், மூலையில் மின்னல் படம். கிழிப்பதற்கே சிரமமாக இருந்தது. உள்ளே நிறையக் காகிதம் வைத்து ஏமாற்றப் பார்க்கிறான் என்று இரண்டு தடவையாகக் கிழித்தார்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தபால்காரன் மேல் பழி போயிருக்கும்.

"வந்துச்சு அம்மிணி," என்றார். "நாந்தான் கிழிச்சேன்."

கயல் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவர் கை மேல் தன் கையை வைத்து மெதுவாகப் பேசினாள். கயல் சொன்னாள்: "திங்கக்கிழமையே மறுபடி அனுப்பலாமாம். லிஸ்ட்ல இருந்தா, முன்கூட்டியே கரெண்ட் நிறுத்தறதா இருந்தா சொல்லுவாங்க, சரி பண்றப்பவும் நம்ம வீட்டைக் கவனத்துல வெச்சுக்குவாங்க. ஆனா அதையே நம்பி இருக்காதீங்க, எந்தக் கம்பெனியும் புயலை நிறுத்த முடியாது, சிலிண்டர் எப்பவும் ரெடியா வெச்சிருங்கன்னு சொல்றாங்க."

கிட்டுசாமி அந்த அம்மாளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து விற்க வந்தவன் எல்லோரும் நம்பு, நம்பு என்றுதான் சொன்னான். நம்பி இருக்காதே என்று சொன்ன ஆள் இவள் ஒருத்திதான்.

காரில் திரும்பும்போது கயல் பேசவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியது.

"திட்டீரு அம்மிணி. இப்படிச் சும்மா வராத."

அவள் ஒரு கடையின் பார்க்கிங்கில் காரைத் திருப்பி நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். "உங்கள எதுக்கு மாமா திட்டணும்? மார்ச்ல அது வரணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஊருக்கெல்லாம் கரெண்ட் வாங்கித் தரேன்னு ஓடிட்டிருந்தேன். நம்ம வீட்டு ஃபார்ம் வந்துச்சான்னு ஒரு தடவ கேக்கல. அத்தைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா..."

மருமகள் அழுதால் என்ன செய்வது என்று கிட்டுசாமிக்குத் தெரியாது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதையும் பாத்துக்க. ஒரு மாசமா வெச்சிருக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். வியர்வையில் ஓரமெல்லாம் நைந்திருந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் கோணல் மாணலாகத் தமிழில் 'பெ. கிட்டுசாமி' என்று இருந்தது. அழுதுகொண்டிருந்தவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

"மாமா, அக்கவுண்ட் அவர் பேர்ல இருக்கு. இது செல்லாது."

"தெரியும். மனசு கேக்கல, போட்டு வெச்சேன்."

"வேண்டாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ இத்தன பாடு படுற. எப்படிச் சொல்றது?"

கயல் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம் மாமா. அவர்கிட்ட கையெழுத்து வாங்கி நானே போஸ்ட் பண்றேன். க்ரீன் டீம்ல இருக்கறவ வீடே சேரலன்னு சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. நீங்க சொல்றதுதான்."

கிட்டுசாமி வீட்டுக்கு வந்து அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் செருகினார்.

"இதுதானா அந்த வெள்ளைக்காரி லெட்டரு?" என்றாள் புஷ்பவல்லி. அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், பூங்காவில் பேசிய தாலிப் பேச்சையும் கிழித்ததையும் சொன்னார். அவள் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மூணு மாசம்... லிஸ்ட்ல இல்லாமயேதான்... மூச்சு உட்டனா?" என்றாள். "பரவால்ல, கெட்டிக்காரிதான் நானு."

திங்கட்கிழமை கயல் லீவு போட்டு டாக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். இருபத்தைந்தாம் தேதி தபால் பெட்டியில் ஒரு கவர் கிடந்தது. மூலையில் மின்னல் படம். பழக்கத்தில் இரண்டு கையும் அதைப் பிடித்து முறுக்கின. அப்படியே நிறுத்தி, முறுக்கிய கவரை நெஞ்சோடு வைத்து நீவிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

"அம்மிணி! மின்னல் வந்திருக்குது!"

கயல் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து படித்தாள். "லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க மாமா. அடுத்த மார்ச்ல மறுபடி அனுப்பணும்."

ஜூன் முப்பது வந்தது. தபால் வண்டி பதினோரு மணிக்கு வரும், அனுப்ப வேண்டிய தபால் இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு போகும். கயல் அன்றும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். பத்தரைக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். டவுன்ஷிப்பில் கேட்டு வாங்கி சபரியின் கையெழுத்தும் போட்ட இன்னோர் அட்டையை மேஜையில் வைத்தாள். போய்விட்டாள்.

கிட்டுசாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி தெருமுனையில் திரும்பியது. பக்கத்து வீட்டில் நின்றது. இந்த வீட்டுப் பெட்டியில் ஏதோ விளம்பரத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப... தாலி கட்டியாச்சுங்களா?" என்றாள் புஷ்பவல்லி.

"கட்டீட்டுப் போகட்டும். எதுக்கும் சிலிண்டர் இன்னொண்ணு வாங்கி வெக்கச் சொல்லோணும்."

பிறகு எழுந்து ஃப்ரிட்ஜிலிருந்து தன் பழைய அட்டையை எடுத்தார். அதன் முதுகில் பேனாவை அழுத்தி, எழுத்து எழுத்தாக எழுதினார்: 'மார்ச்சு மாசம் மின்னல் படம் வரும். கிழிக்கக் கூடாது. கயல் கையில் குடுக்கோணும்.' எழுதியதை ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு, காந்தத்துக்கு அடியில் மறுபடி செருகினார்.